திடலில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்: விளையாட்டை விட்டவர்களுக்கும் நடக்கத் தொடங்கியவர்களுக்கும்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் வட்டாரத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில் பிறந்து, முப்பது ஆண்டுகளுக்கு மேல் தமிழ்ப்பள்ளிகளில் கற்பித்து ஓய்வு பெற்றவள் நான். வயது 62. எங்கள் தாமான் (வீடமைப்புப் பகுதி) திடலில் மாலை ஆறு மணிக்கு நடக்கத் தொடங்கி பதினான்கு ஆண்டுகள் ஆகின்றன. முதல் மூன்று ஆண்டுகள் தனியாக நடந்தேன். இப்போது மழை இல்லாத நாள்களில் இருபது பேர் வரை கூடுகிறோம். புதிதாக வருகிற ஒவ்வொருவரும் ஏறக்குறைய ஒரே சந்தேகங்களைத்தான் கொண்டுவருகிறார்கள். நடந்துகொண்டே பதில் சொல்லி மூச்சு வாங்கிப்போவதால், கேள்விகளை அவரவர் பேச்சிலேயே எழுதி, பதில்களைக் கீழே தொகுத்திருக்கிறேன். நான் மருத்துவர் அல்லள். மருந்து, நோய் பற்றி இங்கே சொல்லியிருப்பதை உங்கள் கிளினிக்கில் ஒருமுறை கேட்டு உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

டீச்சர், விளையாட்டும் எக்சசைசும் ஒன்னுதானே? ஏன் ரெண்டா பிரிச்சுப் பேசறீங்க?

விளையாடும்போது நம் கண் பந்தின் மேலோ எல்லைக்கோட்டின் மேலோ இருக்கும். உடம்பு அதன் பின்னால் தானாக ஓடிவரும். உடற்பயிற்சியில் கண் முழுவதும் உடம்பின் மேலேயே இருக்கும்: எத்தனை நிமிடம் ஆயிற்று, எத்தனை கிலோ குறைந்தது, சர்க்கரை எவ்வளவு இறங்கியது என்று. பத்து வயதில் நம்மை யாரும் "போய்க் கொஞ்சம் உடம்பை அசை" என்று விரட்டியதில்லை. "விளையாடினது போதும், வீட்டுக்கு வா" என்றுதான் கூப்பிட்டார்கள்.

அதற்குப் பிறகு நம்மில் பலருக்கு முப்பது ஆண்டுகள் இரண்டுமே இல்லாமல் போயின. நாற்பத்தைந்து, ஐம்பது வயதில் கிளினிக்கில் நோயாளி அட்டையைக் கையில் கொடுத்து "தினமும் நடங்கள்" என்றபோது, விளையாட்டாக விட்ட ஒன்று தண்டனையாகத் திரும்பி வந்தது. பாதிப் பேர் மூன்றாம் மாதம் நின்றுவிடுவதற்கு இதுதான் காரணம் என்பது என் கருத்து. கீழே உள்ள பல பதில்களுக்கும் இந்த வேறுபாடே அடிப்படை.

எங்கம்மா எக்சசைஸ்னு ஒன்னு செஞ்சதே இல்ல. எழுவது வயசு வரைக்கும் நல்லாத்தானே இருந்தாங்க?

உங்கள் அம்மா என்ன வேலை செய்தார்கள் என்பதை முதலில் நினைத்துப் பாருங்கள். என் அம்மா பால்மரம் வெட்டினார். விடியுமுன் எழுந்து சோறாக்கி வைத்துவிட்டு, இருட்டிலேயே பிரட்டுக்கு, அதாவது வேலையாள்களின் பெயர்ப்பதிவுக்கு, போய்ப் பேர் கொடுத்து, அங்கிருந்து தமக்கு ஒதுக்கிய மரவரிசையான நிரைக்கு நடப்பார். ஒரு நிரையில் நானூறு ஐந்நூறு மரங்கள் இருக்கும். வெட்டும்போது ஒருமுறை, பால் எடுக்கும்போது ஒருமுறை என்று மரத்துக்கு இரண்டு தடவை குனிந்தார் என்றாலே ஒரு நாளைக்கு ஆயிரம் முறை வரை குனிந்து நிமிர்ந்திருக்கிறார். அதன் பிறகு காண்டாக் கம்பின் இரு முனைகளிலும் பால் வாளிகளைத் தொங்கவிட்டு, மேடு பள்ளம் பார்த்து, சிந்தாமல் பால் கொட்டகைவரை சுமப்பார். இவ்வளவையும் செய்த ஒருவரிடம் போய் மாலையில் மெதுவோட்டம் ஓடச் சொல்லியிருந்தால் விளக்குமாற்றால் அடித்திருப்பார்.

ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, தோட்டங்கள் கைமாறின, நாம் தாமானுக்கும் அடுக்குமாடி வீட்டுக்கும் வந்தோம். தொழிற்சாலை பேருந்து வாசலுக்கே வந்தது, வேலை நின்ற இடத்திலோ உட்கார்ந்த இடத்திலோ முடிந்தது. வேலை மாறியும் தட்டு மாறவில்லை. ஆயிரம் முறை குனிகிறவருக்குப் போட்ட அளவு சோற்றையே நாம் இன்றும் போட்டுக்கொள்கிறோம். கூடவே தே தாரிக்கும் ரொட்டி சானாயும் சேர்ந்துகொண்டன. 2023ஆம் ஆண்டு தேசிய சுகாதார, நோய்ப் பரவல் ஆய்வின்படி மலேசியாவில் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருக்கிறது, 54.4 விழுக்காட்டினர் அளவுக்கு மிஞ்சிய எடையுடனோ உடற்பருமனுடனோ இருக்கிறார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். "நல்லாத்தானே இருந்தாங்க" என்பது முழு உண்மையன்று. என் அம்மாவுக்கு ஐம்பது வயதில் முதுகு நிமிரவில்லை, வலது தோள் தூக்க முடியவில்லை. அந்த உழைப்பை யாரும் விரும்பிச் செய்யவில்லை; அதைப் பொற்காலம் என்று நான் பேசமாட்டேன். உடம்பு அசைந்தது நல்லது, அசைக்கப்பட்ட விதம் நல்லதன்று.

சரி, வீட்டு வேலை நாள் முழுக்கச் செய்யறேனே. அது கணக்குல வராதா?

வரும், ஆனால் எல்லா வேலையும் வராது. உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டியில், பெரியவர்கள் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலியக்கமோ 75 முதல் 150 நிமிடம் கடுமையான இயக்கமோ பெற வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. பத்து நிமிடம் தொடர்ந்து செய்தால்தான் கணக்கு என்ற பழைய நிபந்தனையும் இப்போது இல்லை. இரண்டு நிமிடம் மாடிப்படி ஏறினாலும் அது சேரும்.

மிதமானது எது என்று அறியக் கருவி வேண்டியதில்லை. செய்துகொண்டிருக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. வாசலைக் கழுவித் தேய்ப்பது, பின்கட்டில் மண்வெட்டி பிடிப்பது எல்லாம் இந்த அளவுக்கு வரும். வெங்காயம் உரிப்பது வராது. தொடர் நாடகம் பார்த்துக்கொண்டே துணி மடிப்பது கட்டாயம் வராது.

பத்தாயிரம் அடி நடந்தாத்தான் பலனாமே? என் போன் நாலாயிரத்துலயே நிக்குது.

அந்த எண் மருத்துவரிடமிருந்து வரவில்லை. 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடியளவுக் கருவிக்கு "மான்போ கேய்", அதாவது "பத்தாயிரம் அடி அளவி", என்று பெயர் வைத்தார்கள். சொல்வதற்கு வசதியான முழு எண் என்பதால் அது உலகெங்கும் நிலைத்துவிட்டது. நாலாயிரம் நடப்பவர் ஐயாயிரம் நடந்தாலே பலன் உண்டு. கைப்பேசியை வீட்டில் வைத்துவிட்டு வந்தாலும் கால் நடக்கும்.

நடக்கறது பாட்டிங்க செய்யறது, அதெல்லாம் ஒரு ஸ்போர்ட்டா?

இருபது வயதுத் தம்பி ஒருவர் கேட்டது. 1998இல் கோலாலம்பூரில் நடந்த காமன்வெல்த் போட்டியில் 50 கிலோமீட்டர் நடையில் தங்கம் வென்று நாட்டுக்குப் பெருமை சேர்த்தவர் ஜி. சரவணன். ஓட அனுமதியில்லை, எந்நேரமும் ஒரு காலாவது தரையில் படிந்திருப்பது நடுவரின் கண்ணுக்குத் தெரிய வேண்டும், முன்வைத்த கால் முட்டி மடங்காமல் ஊன்ற வேண்டும். அந்தத் தம்பியை இந்த விதிப்படி திடலை ஒரு சுற்று சுற்றி வரச் சொன்னேன். முக்கால் சுற்றில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார்.

நீங்க சின்ன வயசுல பெரிய ஓட்டக்காரின்னு சொல்றாங்க. அப்புறம் ஏன் விட்டீங்க?

பெரிய ஓட்டக்காரி இல்லை. தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஓட்டக்காரி. 1975இல் ஆறாம் வகுப்பில் இருந்தேன். தோட்டத் திடலில் புல்லைச் செதுக்கிச் சுண்ணாம்பினால் கோடு போட்டிருந்தார்கள். ஓரத்தில் அண்டாவில் மைலோ கொதித்துக்கொண்டிருந்தது. தோட்டத்து எழுத்தரான கிராணியும் அவர் மனைவியும் கூடாரத்துக்குள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். நூறு மீட்டரும் இருநூறு மீட்டரும் வெறுங்காலில் ஓடினேன். காலுக்கடியில் சுண்ணாம்பு எரிந்தது நினைவிருக்கிறது. பரிசு, பச்சை விளிம்பும் நடுவில் ரோஜாப்பூவும் கொண்ட ஒரு பீங்கான் பூச்சுத் தட்டு. விளிம்பில் மூன்று இடத்தில் பூச்சு உதிர்ந்து துருவேறியிருந்தாலும், சாமிக்குப் பூ வைக்க அந்தத் தட்டைத்தான் இன்றும் எடுக்கிறேன்.

எங்கள் ஆசிரியர் அப்போதெல்லாம் எம். ராஜாமணியைப் பற்றித்தான் பேசுவார். 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் ஓடியவர். 1966 பேங்காக் ஆசிய விளையாட்டுப் போட்டியில் 400 மீட்டரில் தங்கம் வென்றவர். அதே ஆண்டு நாட்டின் சிறந்த விளையாட்டு வீராங்கனை விருதையும் பெற்றவர். "நம்ம பேராக் பொண்ணுதான்" என்று ஆசிரியர் சொல்லும்போது, ஏதோ அடுத்த லயத்துப் பெண்ணைப் போலத் தோன்றும்.

மறு ஆண்டு பட்டணத்து இடைநிலைப்பள்ளியில், தமிழ்ப்பள்ளியிலிருந்து வருபவர்கள் முதலாம் படிவத்துக்கு முன் படிக்கும் புகுமுக வகுப்பில் சேர்ந்தேன். அஞ்சலோட்டத்துக்கும் வலைப்பந்துக்கும் தேர்ந்தெடுத்தார்கள். பயிற்சி மாலை ஐந்து மணிவரை. தோட்டத்து லாரி இரண்டு மணிக்கே புறப்பட்டுவிடும். அதைத் தவறவிட்டால் ரப்பர்க் காட்டு வழியே ஆறு கிலோமீட்டர் நடக்க வேண்டும். அதே ஆண்டுதான் நான் பெரியவளானேன். அம்மா ஒரே வரியில் முடித்துவிட்டார். "எஸ்டேட் பிள்ளைகளே இப்படித்தான், பாதியில் விட்டுவிடுவார்கள்" என்று பயிற்றுநர் ஒருவர் வகுப்பின் முன்னால் சொன்னார். லாரி எத்தனை மணிக்குப் போகிறது என்று அவர் கேட்கவே இல்லை. ஆகவே "ஏன் விட்டீர்கள்" என்ற கேள்வியிலேயே ஒரு பிழை இருக்கிறது. எங்கள் தலைமுறைப் பெண்களில் பாதிப் பேருக்கு விளையாட்டு விட்டுப்போனது லாரி நேரத்தால்தான்.

நான் மாநில அளவுல ஃபுட்பால் ஆடினவன். இப்ப ரெண்டு ரவுண்டு ஓடினாலே மூச்சு வாங்குது. வெட்கமா இருக்கு, அதான் திடல் பக்கமே வர்றதில்ல.

ஆண்களிடமிருந்து அதிகம் வருகிற கேள்வி. அதுவும் தனியாகக் கூப்பிட்டுத்தான் கேட்பார்கள். இவர்கள் காலத்தில் ஒவ்வொரு தோட்டத்துக்கும் ஒரு குழு இருந்தது. மியூனிக் ஒலிம்பிக்கில் ஆடிய மலேசியக் குழுவில் எம். சந்திரன் இருந்தார், "ஸ்பைடர்மேன்" ஆறுமுகம் கம்பத்துக்கு நடுவில் நின்றால் பந்து உள்ளே போகாது என்று வானொலி கேட்டு வளர்ந்த பிள்ளைகள் அவர்கள். ஞாயிற்றுக்கிழமை மாலை திடலைச் சுற்றி ஊரே நின்ற நினைவு உள்ளவருக்கு, இன்று மூன்று சிறுவர்கள் மட்டும் பார்க்க, மூச்சிரைத்து நிற்பது எளிதன்று.

மூச்சு வாங்குவதற்குக் காரணம் சோம்பல் மட்டும் அல்ல. இதயம் உச்சத்தில் எத்தனை முறை துடிக்க முடியும் என்பது வயது ஏற ஏறக் குறைந்துகொண்டே வரும். 220இலிருந்து வயதைக் கழிப்பது ஒரு தோராயக் கணக்கு. இருபது வயதில் 200 என்றால் ஐம்பத்தைந்தில் 165. முப்பது வயதுக்கு மேல், பயன்படுத்தாத தசை பத்தாண்டுக்குப் பத்தாண்டு கரையும். பழைய உடம்போடு போட்டி போட்டால் தோல்வி உறுதி. போன மாதத்து உடம்போடு போட்டி போடுங்கள். அதை வெல்ல வழியிருக்கிறது.

ஆபத்தானது வேறொன்று: ஆண்டு முழுவதும் அசையாமல் இருந்துவிட்டு, தீபாவளிக்கு நடக்கும் மூத்தோர் ஆட்டத்தில் பழைய நினைப்பில் பந்துக்குப் பாய்வது. குதிகால் தசைநாண் அறுந்து ஆறு மாதம் கட்டிலில் கிடந்தவர்களும் உண்டு, அதைவிட மோசமானதும் உண்டு. நெஞ்சில் அழுத்தம், இடது கையிலோ தாடையிலோ வலி, குளிர்ந்த வியர்வை வந்தால் "காற்றுப் பிடிப்பு" என்று இஞ்சித் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்காமல் 999ஐ அழையுங்கள். ஆட்டத்துக்கு முன் எட்டு வாரமாவது நடந்து, பிறகு மெதுவாக ஓடி உடம்பைப் பழக்குங்கள்.

முட்டி வலிக்குது டீச்சர். நடந்தா இன்னும் தேஞ்சு போயிடாதா?

முட்டி மோட்டார் வண்டியின் டயர் அல்ல, ஓட ஓடத் தேய்ந்து தீர்ந்துபோக. மூட்டுத் தேய்மானம் உள்ளவர்களுக்கும் உடற்பயிற்சியையே மருத்துவர்கள் முதல் சிகிச்சையாகப் பரிந்துரைக்கிறார்கள். தொடைத் தசை வலுவாக இருந்தால் முட்டியின் மேல் விழும் சுமையை அது வாங்கிக்கொள்ளும். அசையாமல் இருந்தால் அந்தத் தசை மெலியும், முட்டி மேலும் வலிக்கும், அதனால் இன்னும் குறைவாக அசைவோம்.

உணவு மேசை நாற்காலியில் உட்கார்ந்து, கையை ஊன்றாமல் எழுந்து நின்று, மெதுவாக மீண்டும் உட்காருங்கள். பத்து முறை, நாளைக்கு இரண்டு வேளை. கையை ஊன்றாமல் முடியாவிட்டால் முதல் இரண்டு வாரம் ஊன்றிக்கொள்ளுங்கள். லேசான வலியோடு செய்யலாம். மறுநாள் அதே நேரத்துக்குள் வலி பழைய நிலைக்குத் திரும்பிவிட்டால் அளவு சரி, திரும்பாவிட்டால் பாதியாகக் குறையுங்கள். முட்டி வீங்கிச் சூடாக இருந்தாலோ, திடீரென்று மடங்கிவிட்டாலோ கிளினிக்குக்குப் போங்கள்.

இனிப்பு நீருக்கு மாத்திரை எடுக்கறேன். தினம் நடந்தா மாத்திரைய நிறுத்திடலாமா?

நீங்களாக நிறுத்தக் கூடாது. எனக்கு 48 வயதில் இனிப்பு நீர், அதாவது நீரிழிவு, என்று தெரிந்தது. அதன் பிறகுதான் நடக்கவே தொடங்கினேன். இரண்டு ஆண்டுகளில் மருத்துவர் மாத்திரையைப் பாதியாகக் குறைத்தார். குறைத்தது மருத்துவர், நான் அல்ல. தசை இயங்கும்போது இன்சுலின் உதவி அதிகம் இல்லாமலேயே இரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். அதனால்தான் நடை பலன் தருகிறது. ஆனால் சில நாள் நின்றுவிட்டால் அந்தப் பலனும் நின்றுவிடும்.

இன்னொரு பக்கமும் உண்டு. மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவர்களுக்குச் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்குவது அரிது. இன்சுலின் போடுபவர்களுக்கும் கிளிக்லசைட் போன்ற மாத்திரை எடுப்பவர்களுக்கும் நடக்கும்போதோ நடந்த பின்போ இறங்கிவிடலாம். கை நடுக்கம், திடீர் வியர்வை, படபடப்பு, அகோரப் பசி, பேச்சில் தடுமாற்றம் ஆகியவை அறிகுறிகள். அளவு 4 மில்லிமோலுக்குக் கீழே போனால், மூன்று தேக்கரண்டிச் சீனியைத் தண்ணீரில் கரைத்து உடனே குடித்து, பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். என் இடுப்புப் பையில் எப்போதும் இனிப்பு மிட்டாய் இருக்கும். அதைப் பேரப்பிள்ளைகளுக்கென்று நினைத்துக் கேட்காதீர்கள்.

பாதம் மரத்துப்போனவர்கள் புல்தரையில் வெறுங்காலில் நடக்க வேண்டாம். "பூமியின் சக்தி" ஏறும் என்று கைப்பேசியில் வந்ததை நம்பி நடந்த ஒருவருக்கு ஆணி குத்தியதே இரண்டு நாள் கழித்துத்தான் தெரிந்தது.

சாப்பிடறதுக்கு முன்னாடி நடக்கணுமா, பின்னாடியா?

எப்போது முடிகிறதோ அப்போது. சர்க்கரை ஏறுவதுதான் கவலை என்றால், சாப்பிட்ட பின் பத்து பதினைந்து நிமிடம் மெதுவாக நடப்பது அந்த ஏற்றத்தைத் தணிக்கும். முந்தைய பதிலில் சொன்ன மருந்துகளை எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் நீண்ட தூரம் நடக்க வேண்டாம்.

வேர்வை நல்லா வந்தா கொழுப்பு கரையுதுன்னு அர்த்தம்தானே? பிளாஸ்டிக் சட்டை போட்டு நடக்கலாமா?

கூடாது. வியர்வை கொழுப்பு அல்ல, தண்ணீரும் உப்பும்தான். அது காய்ந்து ஆவியாகும்போதுதான் உடம்பு குளிர்கிறது. நம் ஊர்க் காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருப்பதால் வியர்வை காயாமல் வழிகிறது. அதன் மேல் பிளாஸ்டிக்கையும் போர்த்திக்கொண்டால் சூடு வெளியேற வழியில்லாமல் வெப்பத்தாக்கம் வரலாம். நடந்து முடித்து ஏறிய தராசு ஒரு கிலோ குறைவாகக் காட்டினால், இரண்டு குவளை தண்ணீர் குடித்தபின் மறுபடி ஏறிப் பாருங்கள்.

புகைமூட்டக் காலத்தில் சுற்றுச்சூழல் துறை வெளியிடும் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 100ஐத் தாண்டினால் நாங்கள் திடலுக்கு வருவதில்லை. இடி கேட்டாலும் உடனே கலைந்துவிடுவோம். கடைசி இடி முழக்கத்துக்குப் பிறகு முப்பது நிமிடம் கழித்துத்தான் திரும்புவோம். பொட்டல் திடலில் மின்னலுக்கு உயரமாகத் தெரிவது நம் தலைதான்.

சேலையிலயே நடக்கலாமா? டிராக் சூட் போட்டா ஊர்ல என்ன சொல்வாங்க?

ஊர் பதினான்கு ஆண்டுகளுக்கு முன் என்னிடம் சொல்லியது: "டீச்சருக்கு இந்த வயசுல என்ன வந்துச்சு?" அப்படிச் சொன்ன அக்கா இப்போது எனக்கு முன்னால் நடக்கிறார். சேலையில் நடக்கலாம், பஞ்சாபி உடையிலும் நடக்கலாம். கொசுவம் காலில் சிக்காமல் கணுக்காலுக்கு மேல் கட்டுங்கள். உடுப்பு எதுவாக இருந்தாலும் பசாரில் வாங்கிய ரப்பர்ச் செருப்பு மட்டும் வேண்டாம். பின்பக்கம் பிடிப்புள்ள காலணி போதும். விலை உயர்ந்ததாக இருக்க வேண்டியதில்லை.

நடக்கறேன், சரி. பாரம் தூக்கறது பொம்பளைங்களுக்கு எதுக்கு? கர்ப்பப்பை இறங்கிடும்லா?

இந்தப் பயம் உள்ளவர்களுக்கு முதலில் காண்டா வாளி சுமந்த நம் அம்மாக்களை நினைவூட்டுவேன். அதே நேரத்தில், பயம் முழுக்கப் பொய்யும் அல்ல. கர்ப்பப்பை இறக்கமோ சிறுநீர்க் கசிவோ ஏற்கெனவே இருப்பவர்கள் மருத்துவரிடம் கேட்டு, இடுப்புத்தளத் தசைப் பயிற்சியிலிருந்து தொடங்க வேண்டும். மற்றவர்கள் தயங்க வேண்டியதில்லை. மேலே சொன்ன உலக சுகாதார நிறுவன வழிகாட்டி, நடையோடு சேர்த்து வாரத்தில் இரண்டு நாளாவது தசைக்கு வலுவூட்டும் பயிற்சி வேண்டும் என்கிறது. மாதவிடாய் நின்ற பின் எலும்பு அடர்த்தி வேகமாகக் குறைவதால் இது நமக்கு இன்னும் தேவை.

எங்கள் குழுவில் ஒன்றரை லிட்டர் தண்ணீர்ப் புட்டிகளைத்தான் தூக்குகிறோம். பழகிய பிறகு ஐந்து கிலோ அரிசிப் பையைத் தரையிலிருந்து இடுப்புவரை தூக்கி இறக்குகிறோம். முதுகை வளைக்காமல் முட்டியை மடக்கித் தூக்க வேண்டும்; தூக்கும்போது மூச்சை அடக்காமல் வெளியே விட வேண்டும்.

பையன் போன்லயே ஃபுட்பால் விளையாடறான். திடலுக்குப் போன்னா டியூஷன் இருக்குன்றான்.

டியூஷனுக்கு அனுப்பியது யார் என்று கேட்டால் தாய்மார்களுக்குக் கோபம் வருகிறது. நானும் ஆசிரியையாக இருந்து அனுப்பச் சொன்னவள்தான். பள்ளிகளில் "ஒரு மாணவர் ஒரு விளையாட்டு" கொள்கை 2011இல் வந்தது. செகாக் உடல்தகுதிச் சோதனையில் பிள்ளைகள் மூன்று நிமிடம் பலகையில் ஏறி இறங்குகிறார்கள். காலை நீட்டி உட்கார்ந்து முன்னால் குனிந்து கையை நீட்டுகிறார்கள். தாள் நிரம்பிவிடுகிறது. ஆனால் 5 முதல் 17 வயதுவரை நாளொன்றுக்குச் சராசரி 60 நிமிடம் ஓடியாட வேண்டும் என்பதற்குப் பள்ளி நேரம் மட்டும் போதாது.

நான் பார்த்த வரையில், "உடம்புக்கு நல்லது" என்று சொல்லி எந்தச் சிறுவனும் வந்ததில்லை. அப்பா பந்தை எடுத்துக்கொண்டு கூட வந்தால் வருகிறான். முதல் பதிலைப் பாருங்கள். பிள்ளைக்கு நாம் கொடுக்க வேண்டியது விளையாட்டு. உடற்பயிற்சி தானாக நடந்துவிடும்.

மூணு மாசம் ஒழுங்கா வந்தேன், அப்புறம் கல்யாணம், காரியம்னு நின்னுடுச்சு. மறுபடி முதல்லேருந்தா?

ஏறக்குறைய ஆமாம், ஆனால் முதல்முறையை விட விரைவில் பழைய நிலைக்கு வருவீர்கள். 2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது எங்கள் குழு ஒரே நாளில் கலைந்தது. நான் வீட்டுக் கார் நிறுத்துமிடத்தில், பன்னிரண்டு எட்டு அப்படியும் பன்னிரண்டு எட்டு இப்படியுமாக நடந்தேன். பத்து நாள் செய்தேன். பிறகு சலித்துப்போய் நான்கு மாதம் ஒன்றும் செய்யவில்லை. திரும்பி வந்தபோது இரண்டாம் சுற்றிலேயே உட்கார்ந்துவிட்டேன். விட்ட இடத்திலிருந்து தொடங்காதீர்கள்; பாதியிலிருந்து தொடங்குங்கள். இத்தனை நாள் வராததற்குக் காரணம் சொல்லவும் வேண்டாம், யாரும் கேட்கமாட்டோம்.

தினமும் ஓடினவரே திடீர்னு செத்துப்போனாரே. அப்புறம் எதுக்கு இதெல்லாம்?

யாரைச் சொல்கிறீர்கள் என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும். அவர் எங்களோடு ஆறு ஆண்டுகள் நடந்தவர். இதற்கு எளிய பதில் இல்லை. உடற்பயிற்சி மாரடைப்பு வரும் வாய்ப்பைக் குறைக்கும், இல்லாமல் செய்துவிடாது. பரம்பரை, புகை, இரத்த அழுத்தம், கொழுப்பு எல்லாம் தனித்தனிக் கணக்கு. தினமும் நடக்கிறோம் என்ற தைரியத்தில் இரத்தப் பரிசோதனைக்குப் போகாமல் இருப்பது நம் ஊரில் நடக்கிற தவறு. நானும் ஓராண்டு போகாமல் இருந்தேன்.

ஆயுளுக்காக மட்டும் நடப்பவருக்கு இந்தக் கேள்விக்கு நிறைவான விடை கிடைக்காது. அவர் அதற்காக நடந்தவர் அல்லர். மூன்றாம் சுற்றில் ஒரு பழைய கால்பந்துக் கதையைத் தொடங்கி, ஐந்தாம் சுற்றில் முடிப்பார். அந்தக் கதைக்காகவே நாங்கள் ஐந்து சுற்று நடந்தோம்.

நீங்க எல்லாம் சனிக்கிழமை வலைப்பந்து வேற ஆடறீங்களாமே? இந்த வயசுல விழுந்தா யாரு பாக்கறது?

விழுவது உண்மையான ஆபத்துதான். அதனால்தான் ஆறு மாதம் தயாரானோம். சுவரைத் தொட்டபடி ஒற்றைக்காலில் நிற்பது, குதிகாலும் விரலும் ஒட்ட நேர்க்கோட்டில் நடப்பது, முட்டிக் கேள்வியில் சொன்ன நாற்காலிப் பயிற்சி ஆகியவற்றைச் செய்தோம். 65 வயதுக்கு மேற்பட்டோர் சமநிலைக்கும் வலுவுக்குமான பயிற்சியை வாரத்தில் மூன்று நாளாவது செய்ய வேண்டும் என்பது பரிந்துரை. இடுப்பு எலும்பு முறிவுக்குப் பயந்து அசையாமல் இருப்பவர்தான் குளியலறையில் எளிதாக விழுகிறார்.

வலைப்பந்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், அதில் பந்தோடு ஓடக் கூடாது. ஏழு பேர், ஒவ்வொருவருக்கும் ஒரு வட்டாரம். பந்தைப் பிடித்ததும் நின்று, மூன்று விநாடிக்குள் அடுத்தவருக்குக் கொடுத்துவிட வேண்டும். நாங்கள் ஓட்டத்தையே தடைசெய்துவிட்டு நடந்து ஆடுகிறோம். முதல் சனிக்கிழமை, என்னைவிட இரண்டு வயது மூத்த அக்கா ஒருவர், பால்மரம் வெட்டி ஓய்ந்தவர், வாழ்நாளில் பந்தையே தொட்டதில்லை என்றார். நெஞ்சுக்கு நேராக எறிந்தேன். கண்ணை மூடிக்கொண்டு பிடித்தார். பிடித்துவிட்டோம் என்று தெரிந்ததும் யாருக்குக் கொடுப்பது என்று தேடாமல், பந்தைக் கட்டிக்கொண்டு அப்படியே நின்று சிரித்தார். எதிர்க்குழுவினரும் சிரித்ததில் ஆட்டம் நின்றுபோயிற்று. அன்று எத்தனை அடி நடந்தோம் என்று யாரும் பார்க்கவில்லை.

சனிக்கிழமை மாலை ஐந்தரைக்கு வாருங்கள். யார் எந்த இடத்தில் ஆடுகிறார் என்று காட்ட மார்பில் கட்டும் எழுத்துத் துணிகள் எங்களிடம் இருக்கின்றன, தண்ணீர் மட்டும் கொண்டு வந்தால் போதும். மூன்று விநாடி விதியை இப்போதைக்குப் பத்து விநாடியாகத் தளர்த்தி வைத்திருக்கிறோம். அந்த அக்காவுக்கு அதுவும் போதவில்லை.